"வாத்தியாரே, புதுசா ஒண்ணு வந்திருக்குங்க": ஊருக்கு வந்த விலங்கு ஏன் வந்தது என்று துப்புத் துலக்குவது எப்படி

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். முப்பத்திரண்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மாதத்தில் இரண்டு முறையாவது யாராவது போன் செய்வார்கள். "வாத்தியாரே, தோட்டத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குங்க. வந்து பாருங்க." வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். பாதி நேரம் வந்தது புதுசாக இருக்காது. மீதியில் பாதி, யாரோ கொண்டுவந்து விட்டது. எஞ்சிய கொஞ்சம்தான் தன் காலிலோ சிறகிலோ எல்லை தாண்டி வந்தவை. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

போய் இறங்கும்போதே அங்கே கூடியிருப்பவர்களிடம் பதில் தயாராக இருக்கும். "காட்டை எல்லாம் அழிச்சுப்போட்டாங்க, அதான் ஊருக்குள்ள வருது." மயிலுக்கும் இதே பதில், பன்றிக்கும் இதே பதில், பாம்புக்கும் இதே பதில். சில சமயம் அது உண்மைதான். ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை தருகிற டாக்டரிடம் நாம் போவோமா? ஒவ்வொரு வரவையும் தனியாக விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கும் முறையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். வேண்டியது ஒரு கோடு போட்ட நோட்டு, கேமரா உள்ள போன், ஒரு பத்து ரூபாய் நாணயம், ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். கடைசியாகச் சொன்னவர்தான் முக்கியம்.

வந்தது என்ன?

இதில் தப்பினால் மற்றதெல்லாம் வீண். 2020 கோடையில் ராஜஸ்தானைத் தாண்டி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை பாலைவன வெட்டுக்கிளிகள் வந்தன, ஞாபகம் இருக்கும். அதே நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்திருக்கும் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. வந்துவிட்டது, இனி தமிழ்நாட்டில் பயிர் மிஞ்சாது என்றார்கள். வேளாண் அதிகாரிகள் போய்ப் பார்த்துவிட்டு, இது நம் ஊர் வெட்டுக்கிளிதான், பாலைவன வெட்டுக்கிளி இல்லை என்றார்கள். எருக்கை விரும்பித் தின்னும் வண்ண வெட்டுக்கிளி நம் பக்கம் எப்போதும் உண்டு. எருக்கஞ்செடியை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, கால் தெரிய ஒன்று, பறவையாக இருந்தால் வால் விரித்தபோது ஒன்று. சத்தம் போட்டால் அதையும் பதிவு செய்யுங்கள். பறவைக் குரலுக்கு மெர்லின் செயலி நன்றாகவே உதவுகிறது, ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அது கேட்பதை வைத்து ஊகிக்கிறது. நம்மைப் போலத்தான்.

விலங்கைப் பார்க்கவில்லை, தடம் மட்டும்தான் என்றால் தடத்தின் பக்கத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எந்த ஊரிலிருந்து அனுப்பினாலும் அளவு மாறாது. நகக்குறி தெரிந்தால் பெரும்பாலும் நாய், நரி வகை. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்கு வந்த "சிறுத்தைத் தடங்கள்" பலவும் இந்த ஒரு விதியில் நாயாக மாறிவிட்டன. எச்சம், புழுக்கை, உதிர்ந்த இறகு, முள், எது கிடைத்தாலும் காகிதத்தில் மடித்துத் தேதி எழுதி வையுங்கள். வீட்டில் திட்டு விழும். நான் முப்பது வருடமாக வாங்குகிறேன்.

வந்ததா, இருந்ததா?

இரண்டாவது கேள்வியில்தான் படித்தவர்கள் தடுமாறுவார்கள். நாம் இப்போதுதான் பார்த்தோம் என்பதற்காக அது இப்போதுதான் வந்தது என்று ஆகாது. மரநாய், புனுகுப்பூனை, முள்ளம்பன்றி, ஆந்தை எல்லாம் இரவில் திரிபவை. தோட்டத்தில் கேமரா மாட்டிய முதல் வாரத்தில் இவை எல்லாம் "புதிதாக வந்துவிடும்".

ஆடு மேய்ப்பவரைப் போய்ப் பாருங்கள். கேட்கும் விதம் முக்கியம். "முள்ளம்பன்றி இருந்ததா?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவார்கள். "உங்க சின்ன வயசுல இந்தப் பள்ளத்துல ராத்திரி என்னென்ன நடமாடும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்காருங்கள். பெயர் தானாக வரும். வட்டாரப் பெயராக வந்தால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஊர்ப் பெயர்கள். வெள்ளகோயில் பக்கம் மயில்ரங்கம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பெயரில் மயில் இருக்கிறது என்றால் ஒரு காலத்தில் மயில் இருந்திருக்கலாம். ஆனால் முருகன் பெயரோடும் மயில் வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் ஊர்ப் பெயரைச் சாட்சியாக வையுங்கள், தீர்ப்பாக வைக்க வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் கையேடுகளிலும் கெசட்டியர்களிலும் பெரும்பாலும் விலங்குகளுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருப்பார்கள். பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

பறவையாக இருந்தால், பார்த்த பறவைகளை எல்லோரும் பட்டியல் போட்டு ஏற்றும் ஈ-பேர்ட் தளத்தில் வரைபடம் பார்க்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் எங்கள் தாலுகாவில் பறவைப் பட்டியல் போடுகிற ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2015ல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கிய பிறகு வருடா வருடம் ஆட்கள் கூடினார்கள். வரைபடத்தில் புள்ளிகளும் கூடின. புள்ளி கூடியதைப் பார்த்துவிட்டுப் பறவை கூடியது என்று சொல்லக் கூடாது. பார்க்க வேண்டியது, போட்ட பட்டியல்களில் நூற்றுக்கு எத்தனை பட்டியலில் அந்தப் பறவை இருக்கிறது என்பது. பட்டியல் பத்திலிருந்து ஆயிரம் ஆனாலும் இந்த விகிதம் சுலபத்தில் ஏமாற்றாது.

யாராவது கொண்டுவந்தார்களா?

இங்கே என் அவமானக் கதை ஒன்று.

ஒரு தை மாதம் எங்கள் களத்தில் சில்லைக் குருவிக் கூட்டத்தோடு ஒரு புதுப் பறவை. சாம்பல் உடம்பு, வெள்ளைக் கன்னம், தடித்த சிவந்த அலகு. ஜாவா சில்லை! இந்தோனேசியப் பறவை, காங்கயம் சீமையில். மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று, போன மாதம் அடித்த புயல், சென்னையிலிருந்து சில்லைக் கூட்டத்தோடு சேர்ந்து பயணம் என்று நோட்டில் நாலு பக்கம் எழுதினேன். நாலாம் நாள் பக்கத்துத் தெருப் பையன் வந்து, "சார், அது எங்க கூண்டுல இருந்து போனதுங் சார். பிடிச்சுத் தர முடியுங்களா?" என்றான். என் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தேன். காலில் வளையம். வால் இறகு நுனியெல்லாம் கம்பியில் உரசித் தேய்ந்து கிடந்தது. கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் காற்றின் திசையைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கூண்டுப் பறவைக்கான அடையாளங்களை முதலில் தேடுங்கள்: கால் வளையம், தேய்ந்த இறகு, அளவுக்கு மீறி வளர்ந்த நகம், ஆளைக் கண்டு மிரளாத குணம். கிணற்றில் கன்னம் சிவந்த ஆமை மிதந்தால் அது மீன்தொட்டியிலிருந்து வந்தது, சந்தேகமே வேண்டாம். சிறிதாக இருக்கும்போது வாங்குவார்கள், தட்டு அளவு வளர்ந்ததும் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

மனிதன் கொண்டுபோய் விட்டு எல்லை தாண்டியவற்றின் பட்டியல் நீளம். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஏறும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, 1847ல் ஒரு வெள்ளைக்காரர் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டது. நம் ஊர்க் காகத்தை 1890களில் சான்சிபார் தீவில் குப்பை தின்ன என்று கொண்டுபோய் விட்டார்கள், இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையெல்லாம் அது தொல்லை. காகம் கப்பலில் டிக்கெட் இல்லாமலும் போகும். 1994ல் நெதர்லாந்தின் ஒரு துறைமுக ஊரில் போய் இறங்கிக் குடும்பமே நடத்தியது.

எங்கள் பக்கத்துக்குச் சூடு வைத்த கதை தென்னையில் வந்தது. 2016 ஆகஸ்டில் பொள்ளாச்சித் தோப்புகளில் மட்டையின் அடிப்பக்கம் வெள்ளைச் சுருள் சுருளாக ஏதோ படிந்தது. பிறகு கீழ் மட்டைகள் கரி பூசியது போலக் கறுத்தன. சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. அதன் சிறகுக்கு இரண்டு சமுத்திரம் தாண்டும் தெம்பு கிடையாது. இவ்வளவு சிறிய பூச்சி, இவ்வளவு தூரம், நடுவில் எந்த நாட்டிலும் தடம் இல்லாமல் திடீரென்று ஒரு இடத்தில் தோன்றினால், செடியோடோ சரக்கோடோ வந்தது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இது ஒரு நல்ல விதி. தானாகப் பரவுவது வழியில் படிக்கட்டு விட்டுச்செல்லும்: முதலில் அடுத்த மாவட்டம், பிறகு அடுத்த தாலுகா, பிறகு நம் ஊர். கொண்டுவரப்பட்டது படிக்கட்டு இல்லாமல் மாடியில் நிற்கும்.

வனத்துறை கொண்டுவந்து விட்டதும் இந்தக் கணக்கில் சேரும். 2023 மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருவில் ஓடிய அரிக்கொம்பனைப் பார்த்து, காட்டில் தீனி இல்லாமல் வந்த யானை என்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதை இடுக்கியின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். தனக்குத் தெரியாத இடத்தில் இறக்கி விடப்பட்ட யானை அது. ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு பத்திப் பக்கம்

சரி, விலங்கு எதுவென்று தெரிந்துவிட்டது, முன்பு இல்லை என்பதும் உறுதி, யாரும் கொண்டுவரவில்லை. இப்போதுதான் உண்மையான வேலை.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் விலங்கின் வரலாறு, வலது பக்கம் ஊரின் வரலாறு. இரண்டுக்கும் வருடம் எழுதுங்கள். நான் இதைக் கற்றது மயிலிடம், அதனால் என் மயில் பக்கத்தையே காட்டுகிறேன்.

என் சின்ன வயதில், 1960களில், மயில் பார்க்க வேண்டுமென்றால் கோயில் மலைக்குப் போக வேண்டும். எங்கள் அப்பாரு நிலக்கடலைக் காட்டில் காவல் இருந்தது காக்கைக்கும் கிளிக்கும்தான். மயிலுக்காக யாரும் பரண் கட்டியதில்லை. என் நோட்டில் முதல் குறிப்பு 1998: கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வேலி ஓரம் இரண்டு பெட்டை. 2006ல் ஒரே காலையில் பதினொன்று. இப்போது எண்ணுவதை விட்டுவிட்டேன். தக்காளியைக் கொத்துகிறது, மிளகாயைக் கொத்துகிறது, சோளக்கதிரில் சாய்ந்து உட்காருகிறது. மருமகளுக்குத் தூக்கம் போவது அதிகாலை அகவலில்.

இது இடது பத்தி. வலது பத்தியில் என்ன எழுதினேன்?

1972, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மயில் 1963லிருந்தே தேசியப் பறவை. சட்டம் வந்ததும் பயம் வரவில்லை. எங்கள் பக்கம் வலை வைப்பவர்களும் நாட்டுத் துப்பாக்கியும் மெல்ல மெல்லத்தான் மறைந்தன. 1990களில் பனியன் கம்பெனிகள் திருப்பூரைச் சுற்றிப் பெருகின, கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, மானாவாரிக் காடுகள் தரிசாகின. தரிசில் சீமைக்கருவேலம் ஏறியது. நரி ஊளை கடைசியாகக் கேட்டது 1993 அல்லது 94. கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு, அதன் பின்னால் சொட்டுநீர்க் குழாய். கோடையிலும் எங்காவது ஒரு குழாய் கசிந்துகொண்டே இருந்தது. 2004ல் காற்றாலை. அப்புறம் சைட் பிரித்து விற்றார்கள், கல் நட்டார்கள், வீடு வரவில்லை, புதர் வந்தது.

இப்போது பொருந்தாத காரணங்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்க வேண்டும். காற்றாலைச் சத்தத்தால்தான் மயில் மலையை விட்டு வந்தது என்று எங்கள் ஊரில் அடித்துச் சொன்ன ஒருவர் உண்டு. காற்றாலை 2004, மயில் 1998. காரணம் விளைவுக்குப் பின்னால் வராது. ஒரு கோடு.

காடு அழிந்ததால் வந்தது? மயில் அடர்ந்த காட்டுப் பறவை இல்லை. அதற்குப் பிடித்தது வறண்ட புதர்க்காடு, நடுநடுவே திறந்த வெளி, பக்கத்தில் விளைச்சல், இரவில் தங்க உயரமான மரம். வேறு விதமாகச் சொன்னால், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் இருக்கும் எங்கள் கொறங்காடு. அதற்குப் பிடித்த வீட்டை இழந்து வரவில்லை. பிடித்த வீடு இங்கே காலியானதால் வந்தது. மேலே சொன்ன ஒரே மாத்திரைப் பதில் இங்கே தலைகீழாகிறது.

மிச்சம் இருப்பவை நரி, தரிசு, தண்ணீர், சட்டத்துக்குப் பயம். மயில் தரையில்தான் முட்டை இடும். நரி இருக்கும் ஊரில் முட்டை மிஞ்சுவது கடினம். ஆக நரி போனதுதான் காரணம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பக்கத்து ஊர்ச் சோதனை செய்தேன். நம் ஊரைப் போலவே எல்லாம் இருந்து, சந்தேகப்படும் காரணங்களில் ஏதோ ஒன்றில் மாறுபடும் ஊர் ஒன்றைத் தேட வேண்டும். அமராவதிக் கரையில் நெல் விளையும் ஊர் ஒன்று கிடைத்தது. நரி அங்கேயும் எங்கள் ஊரோடு சேர்ந்தே போய்விட்டது. சட்டம் அங்கேயும் அதே சட்டம். தண்ணீர் எங்களைவிட அதிகம். ஆனால் மயில் எங்களுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் அங்கே போனது, அதுவும் வயல்களில் பாதி தரிசாகிப் புதர் மண்டிய பிறகு. நரி இல்லாமல் போனது கதவைத் திறந்தது, புதர்தான் வீட்டைக் கட்டிக்கொடுத்தது. ஒரே காரணம் தேடிப் போனவனுக்கு இரண்டு கிடைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் மலை பொதினி, இன்றைய பழனி. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்து மன்னன் ஒருவன் குளிரில் நடுங்கும் மயிலைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறான் என்றால், மயில் எங்களுக்கு விருந்தாளியா, வீட்டுக்காரனா? "வழக்கமான எல்லை" என்று நான் எழுதியது என் அப்பாருவின் ஞாபகம் தொடங்கிய இடத்திலிருந்துதான் என்று அன்றைக்கு உறைத்தது. அதனால் இடது பத்தியின் மேலே கொஞ்சம் காலி இடம் விடுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கதை வேறு. 1933ல் பறவை அறிஞர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது அந்தப் பட்டியலில் மயில் இல்லை. இன்று கேரளத்தின் பல மாவட்டங்களில் ரப்பர் தோட்ட ஓரம்கூட மயில் நடக்கிறது. ஈரமான நாட்டில் வறண்ட நிலப் பறவை. கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தட்பவெப்பம் மாறுவதன் அடையாளமாகவே பார்க்கிறார்கள். ஒரே பறவை, ஒரே பத்தாண்டுகள், கணவாய்க்கு இரண்டு பக்கமும் வேறு வேறு காரணம். என் பக்கத்துப் பதிலை அங்கே கொண்டுபோய் ஒட்டியிருந்தால் தப்பாகியிருக்கும்.

ஆணா, இளசா, எந்த மாதம்?

கூட்டமாக வந்ததா, தனியாக வந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். தனியாக வந்தது இளம் ஆண் என்றால் பெரும்பாலும் பிரச்சினை பசி இல்லை, குடும்பம். புலி, சிறுத்தை, யானை எல்லாவற்றிலும் வளர்ந்த ஆண் பிள்ளை வீட்டை விட்டுப் போயாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் திபேஷ்வர் சரணாலயத்தில் கழுத்துப் பட்டை மாட்டிய ஓர் இளம் ஆண் புலி 2019ல் கிளம்பி, வயல், சாலை, ஆறு எல்லாம் தாண்டி ஒன்பது மாதத்தில் சுமார் 3000 கிலோமீட்டர் சுற்றி ஞானகங்கா சரணாலயத்தில் போய் நின்றது. அதன் காட்டை யாரும் அழிக்கவில்லை. இடம் தேடி, துணை தேடி நடந்தது.

2022 ஜனவரியில் அவிநாசிப் பக்கம் சோளக்காட்டில் சிறுத்தை ஒன்று ஒளிந்திருந்து, பிறகு திருப்பூர் நகருக்குள்ளேயே பிடிபட்டதே, அப்போது எல்லோரும் சிறுத்தையைப் பார்த்தார்கள். நான் சோளத்தைப் பார்த்தேன். ஆள் உயர மக்காச்சோளம் சிறுத்தையின் கண்ணுக்கு நாலு மாதக் காடு. அறுவடை மாதத்தில் அந்தக் காடு ஒரே வாரத்தில் காணாமல் போகும். மாதத்தை எழுதி வைத்தால் இதெல்லாம் தெரியும்.

கூட்டமாக, குட்டிகளோடு வந்தால் வறட்சியைப் பாருங்கள். 1980களில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து யானைகள் சில ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. அங்கே சுமார் இருநூறு வருடமாக யானையே இல்லை. ஊர்க்காரர்களுக்கு யானையிடம் எப்படி நடந்துகொள்வது என்பதே மறந்துபோயிருந்தது. வறட்சி தள்ளியது என்பது ஒரு பாதி. மறு பாதி, மழை திரும்பிய பிறகும் அவை திரும்பவில்லை என்பது. அவற்றுக்காகவே 1990ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள். கிளப்பிவிடும் காரணமும் தங்கவைக்கும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோட்டில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

புயல் அடித்த மறுநாள் குளத்தில் கடற்பறவை இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். காற்று கொண்டுவந்தது. களைத்திருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள்.

வெயில் மேல் பழி போடும் முன்

இப்போது எதைக் கேட்டாலும் பருவநிலை மாற்றம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்லலாம், ஆனால் அதற்கு ஒரு தகுதி வேண்டும். வெப்பம் காரணம் என்றால் நகர்வுக்கு ஒரு திசை இருக்கும்: வடக்கே, மலை மேலே, கடலில் ஆழத்துக்கு. ஒரு ஊரில் மட்டும் நடக்காது, நீளமான கோட்டில் நடக்கும். பல வருடம் தொடரும்.

மத்தி மீன் நல்ல உதாரணம். நெய்ச்சாளை, பேச்சாளை என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது மலபார்க் கரையின் சொத்து. 1980களின் நடுப்பகுதி வரை பிடிபட்டதில் பெரும்பங்கு அங்கேதான். அதன் பிறகு மேற்குக் கரையில் வடக்கு நோக்கியும், தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் பெரிய அளவில் பிடிபடத் தொடங்கியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பத்தாண்டுக் கணக்கான பிடிப்புப் பதிவுகளையும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெப்பத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அதே காலத்தில் அயிலை (கானாங்கெளுத்தி) மீன் மேல்நீரை விட்டு ஆழத்துக்கு இறங்கியதையும் கவனித்தார்கள். திசை, நீளம், காலம் மூன்றும் இருந்தன. உங்கள் மாமரத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்த பறவைக்கு இந்த மூன்றும் இல்லை.

தங்குமா?

வந்தது தங்கிவிட்டது என்று சொல்ல நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு. கூடோ குட்டியோ கண்ணில் பட வேண்டும், மூன்று வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். அதற்கு முன் "வழிப்போக்கர்" என்று மட்டும் எழுதுங்கள்.

எருமை முதுகில் உட்காரும் உண்ணிக்கொக்கின் ஆப்பிரிக்க உறவு, அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்காவின் சுரினாமில் தென்பட்டது 1870களின் கடைசியில். வட அமெரிக்காவில் புளோரிடாவில் கூடு கட்டியதாகப் பதிவானது 1953ல். முக்கால் நூற்றாண்டு! கொக்கு அதற்கு முன்பும் எத்தனையோ தடவை காற்றில் சிக்கிக் கடல் தாண்டியிருக்கலாம். போய் இறங்கிய இடத்தில் மாடு மேயாவிட்டால் அதற்கு என்ன வேலை? காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கி மாட்டை விட்ட பிறகுதான் அந்தக் கண்டம் கொக்குக்கு ஊர் ஆனது.

விசாரிக்கும்போது செய்யக் கூடாதவை கொஞ்சம். சோறு வைத்துப் பழக்காதீர்கள், வைத்தால் அது ஏன் தங்கியது என்பதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள். பிடித்துக் கொண்டுபோய் "அதன் காட்டில்" விடாதீர்கள், அரிக்கொம்பனுக்கு நடந்தது அதுதான். மயில், உடும்பு, சிறுத்தை மாதிரி விலங்குகளைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். போட்டால் மறுநாள் அங்கே நாற்பது வண்டி நிற்கும்.

போன வாரம் தென்னந்தோப்புப் பண்ணாடி ஒருவர் போன் செய்தார். புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தை அடியோடு கடித்திருக்கிறது. பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீள முள். முள்ளம்பன்றி, சந்தேகம் இல்லை. "நாப்பது வருசமா இந்தத் தோட்டத்துல இருக்கறனுங்க, ஒரு நாளும் கண்டதில்லீங்க. மலையில இருந்து எறங்கீருச்சுங்களா?" என்றார். முள்ளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, பள்ளத்தில் வெள்ளாடு ஓட்டிக்கொண்டிருந்த ஆத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். முள்ளைக் காட்டவில்லை. ராத்திரி என்னென்ன நடமாடும் என்று மட்டும் கேட்டேன். கீரி, மரநாய், கட்டுவிரியன் என்று எண்ணிக்கொண்டே வந்தவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எய்யாண்டி கெடக்குமுங் சாமி, அந்தக் கல்லுக்குழியில. எங்கய்யன் அதோட முள்ளுலதான் பஞ்சாங்கத்துக்கு அடையாளம் வெப்பாரு" என்றார்.

எய் என்றால் முள்ளம்பன்றி. கல்லுக்குழி தோப்பிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்கு வந்து புதுப் பக்கம் எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பத்தியின் மேலே நாலு வரி காலியாக விட்டிருக்கிறேன். வலது பத்தியில் முதல் வரி: தென்னங்கன்று நட்டது, போன ஆடி.